முழுக்கும் தலைமுழுக்கும்: புதிய சபையில் சேர்ந்தோரும் வீட்டில் நின்றோரும்

‘தலைமுழுகுதல்’ என்னும் தொடருக்குத் தமிழில் பொருள் பல. எண்ணெய் தேய்த்து நீராடுதல் தலைமுழுகுதல்; மகளிர் மாதவிலக்கு நீங்கி நீராடுதலும் தலைமுழுகுதல்; இழவு வீட்டிலிருந்து திரும்புவோர் தம் வீட்டினுள் புகுமுன் நீராடுதலும் தலைமுழுகுதலே. இறுதியாகச் சொன்ன வழக்கிலிருந்துதான் ‘அவனை நாங்கள் தலைமுழுகிவிட்டோம்’ என்னும் ஆட்சி பிறந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். உயிரோடு நடமாடும் ஒருவரை இறந்தாராக எண்ணி உறவறுத்துக்கொள்ளுதல் அதன் பொருள். இனி, கிறித்தவ சமயத்தில் ஒருவர் சேரும் சடங்கின் பெயரும் முழுக்கு என்றே அமைந்துள்ளது. கத்தோலிக்கர் இன்று அதனைத் திருமுழுக்கு என்பர். சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாக ஞானஸ்நானம் என்பர். சொல் வேறாயினும் இரண்டும் நீராட்டையே குறிக்கின்றன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தமிழ் வீட்டைச் சேர்ந்தவர் புதிய சபையில் சேர்ந்தபோது, ஒரே நிகழ்வின் பொருட்டு இரண்டு நீராட்டுகள் நடந்தன எனலாம். ஒன்று கோயிலின் உள்ளே, மற்றொன்று பிறந்த வீட்டுக் கிணற்றடியில்.

இவ்வுரையின் பொருள் அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கொள்கை வாதங்களை அத்துறை அறிஞர்களிடம் விட்டுவிடுகின்றோம். சேர்ந்தவர் செய்தது முறையா, தடுத்தவர் செய்தது முறையா என்னும் வழக்கிலும் நாம் புகவில்லை. மொழியே நம் துறையாதலின், சென்றவர் எம்மொழியை உடன்கொண்டு சென்றார், நின்றவர் எம்மொழியால் தடுத்தார் என்று பார்ப்பதே நம்மால் இயலும் பணி. அதற்கு முதன்மையான சான்றாக எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வரலாற்றைக் கொள்கின்றோம். கிறித்தவக் கம்பர் என்று போற்றப்படும் அப்பெரும்புலவரின் காப்பியத்தை இலக்கிய வரலாறுகள் விரிவாகவே பேசுகின்றன. அவர் வீட்டைப் பற்றித்தான் பேச்சுக் குறைவு.

முதலில் சில சொற்களைப் பார்ப்போம். ‘மதமாற்றம்’ என்று இன்று செய்தித்தாள்களில் வழங்கும் சொல் எழுத்து வழக்குக்கு உரியது. திருநெல்வேலிச் சீமையின் ஊர்ப்பேச்சில் ஒருவர் ‘வேதத்தில் சேர்ந்தார்’. அவர் ‘வேதக்காரர்’ ஆனார். அவர் தொழச் சென்ற இடம் ‘வேதக்கோயில்’. நம் நாட்டுத் தோட்டப்புறங்களிலும் முதியோர் வாயில் வேதக்கோயில் என்னும் சொல் நெடுநாள் வழங்கியதை இவ்வவையில் பலர் அறிவர். ‘மாறு’ என்னும் வினை ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைப் பற்றுதலைக் காட்டும். ‘சேர்’ என்பது பற்றியதை மட்டும் சொல்லிக் கைவிட்டதைச் சொல்லாது விடும். அதே நிகழ்வை வீட்டார் கூறும்போது வினை வேறாகிவிடும்: ‘போய்விட்டான்.’ இறந்தாரையும் நாம் அவ்வாறே சொல்லுகின்றோம் என்பதை நினைவிற் கொள்க.

‘திரும்பு’ என்னும் வினையின் நிலை இன்னும் நுட்பமானது. விவிலியத் தமிழில் ‘மனந்திரும்புதல்’ என்பது அடிப்படைக் கலைச்சொல். மனம் தீயவழியினின்று மீண்டு இறைவன்பால் வருதல் அதன் பொருள். புதிய சபையின் போதகர் ‘மனந்திரும்பு’ என்கிறார். வீட்டு வாயிலில் நின்று தாய் ‘திரும்பி வா’ என்கிறார். இருவரும் ஒரே வினையை ஏவலாக வழங்குகின்றனர். திசைதான் எதிர்.

கிருஷ்ண பிள்ளை 1827 ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், சங்கர நாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். வேளாளர் குடி, வைணவ இல்லம், கம்பராமாயணம் பயிலப்பட்ட சூழல். தமிழ்ப்புலமையே அவரைக் கிறித்தவரிடையே கொண்டு சேர்த்தது. 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. தமிழ் கற்பிக்கச் சென்றவர் மாணவர் கையிலிருந்த நூல்களையும் உடன் பணியாற்றியோர் வாழ்க்கையையும் காணலானார். ஐந்தாண்டு கழிந்தது. 1858 ஏப்ரல் 18ஆம் நாள், 31 அகவை நிறைய ஐந்து நாளே இருக்கையில், சென்னை மயிலாப்பூர்த் தூய தோமையார் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் கொண்டார். அவர் தம்பி முத்தையா பிள்ளையும் கிறித்தவரானார். ஒரு வீட்டின் மைந்தர் இருவர் என்றால் அவ்வீட்டின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அச்சடங்கு நடந்த இடத்தைக் கருதிப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியில் திருச்சபைகள் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் தென்னிந்தியாவிலேயே சீர்திருத்தச் சபைகள் மிகுதியாக வேரூன்றிய பகுதி அது. சேகரம் என்று அம்மக்கள் அழைக்கும் சபைப்பிரிவுகள் ஊர்தோறும் இருந்தன. ஆயினும் ஞானஸ்நானம் சென்னையில் நிகழ்ந்தது. இரயில் எட்டாத அந்நாளில் சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே பல நாள் வழி. கற்ற குடியினர் ஊருக்குத் தொலைவிலுள்ள நகரங்களில் ஞானஸ்நானம் பெறுதல் அந்நூற்றாண்டில் பலமுறை காணப்படும் செய்தி. சுற்றத்தார் அழுது மறிக்க இயலாத தொலைவு அது. மறித்தால் தம் மனம் தளரும் என்று அறிந்தவரே அவ்வாறு தொலைவைத் தேடுவர் என்பது நம் கருத்து.

வீட்டார் எதனை அஞ்சினர்? வரலாற்று நூல்களில் இவ்வெதிர்ப்பைச் ‘சாதி வெறுப்பு’ என்றோ ‘பழமைப் பற்று’ என்றோ ஒரு சொல்லால் முடித்துவிடுவோர் உளர். சாதி அதில் உறுதியாக உண்டு, மறுக்க இயலாது. பல குடியினரும் ஒருங்கிருந்து உண்ணும் பந்தியில் தம் மகன் அமர்ந்தான் என்னும் செய்தி எந்தக் கொள்கை வாதத்தினும் கடுமையாகத் தாக்கியது. அதன் தொடர்ச்சியாக அவ்வீட்டுப் பெண்ணைக் கொள்வாரும் அவ்வீட்டுக்குப் பெண் கொடுப்பாரும் அருகினர். ஆனால் இவற்றினும் ஆழத்தில் இருந்தது கொள்ளி. பெற்றோர் சிதைக்கு நெருப்பிடவும், பின் ஆண்டுதோறும் நீர்க்கடன் கழிக்கவும் உரியவன் மகன். அவன் ‘சேர்ந்துவிட்டால்’ அக்கடன் யார் கையில்? ஏசுவைப் பற்றியோ திருமாலைப் பற்றியோ ஒரு சொல்லும் வாதிடத் தெரியாத தாயும் ‘எனக்குக் கொள்ளி வைக்க யார்?’ என்னும் வினாவைக் கேட்க அறிவார். அதற்கு விடை கூறும் கலைச்சொல் எந்தச் சபையின் வினாவிடை நூலிலும் இல்லை.

சட்டமும் இவ்விடத்தில் நுழைந்தது. சமயம் மாறினோர் குடும்பச் சொத்தில் தம் பங்கை இழந்துவந்த நிலையை மாற்ற ஆங்கில அரசு 1850இல் 21ஆம் எண் சட்டத்தை இயற்றியது. சமயத்தைத் துறந்தமையாலோ சாதியினின்று நீக்கப்பட்டமையாலோ ஒருவர் சொத்துரிமை இழக்கமாட்டார் என்பது அதன் சாரம். சென்னையிலும் வங்காளத்திலும் இந்துக்கள் அதனை எதிர்த்து விண்ணப்பங்கள் விடுத்தனர். நீர்க்கடனும் சொத்தும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை; கடனை விட்டவனுக்குச் சொத்து மட்டும் எப்படி என்பது அவர்கள் வாதம். நீதியின் நோக்கில் அச்சட்டம் வேண்டுவதே. ஆயினும் அதற்குப் பின் ‘காணியில் பங்கு கேட்க வருவான்’ என்னும் ஐயமும் உறவின் இடையே வந்து அமர்ந்தது.

1866இல் வந்த சட்டம் மணவாழ்க்கையைப் பற்றியது. அதற்கும் எண் 21 என்றே அமைந்தது தற்செயல். கிறித்தவரான ஒருவரை, அக்காரணத்தால், கணவரோ மனைவியோ கைவிட்டு உடன்வாழ மறுத்தால், அவர் நீதிமன்றத்தை நாடலாம். நீதிபதி மறுப்பவரை அழைத்து, சேர்ந்து வாழ மறுக்கிறாரா, மறுப்பது சமய மாற்றத்தின் பொருட்டா என்று வினவவேண்டும். பின் ஓராண்டு தவணை. ஓராண்டுக்குப் பின்னும் மனம் மாறாவிடின் மணம் நீக்கப்படும். நினைத்துப் பாருங்கள்: வீட்டு முற்றத்தைத் தாண்டிப் பேசியறியாத இளம்பெண் நீதிபதியின் முன் நின்று ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லவேண்டும். வீட்டாருக்கு எதிராக வாழ்நாளில் ஒரு சொல் பேசியிராதவரிடம், பிறந்த வீட்டார் ஒருபுறமும் கணவர் ஒருபுறமுமாக நிற்கையில், அவர் ‘சொந்த’ விருப்பம் கேட்கப்பட்டது.

கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே 1858ஆம் ஆண்டின் இறுதியில் திருநெல்வேலி நகரில் கிறித்தவர் ஒருவரின் சவத்தை நகரத் தெரு வழியே எடுத்துச் செல்வது பற்றிப் பூசல் மூண்டு, படையினர் சுடும் அளவுக்கு முற்றியது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்கு முன் 1840களில் விபூதிச் சங்கம் என்னும் பெயரில் எழுந்த இயக்கத்தால் நெல்லைச் சிற்றூர்களில் கிறித்தவர் வீடுகள் தாக்கப்பட்டதும் உண்டு. எனவே வீட்டாரின் எதிர்ப்பு வீட்டளவில் நின்றதன்று. தெருவும் ஊரும் பின்னால் நின்றன. மகன் சேர்ந்ததை வீட்டார் பொறுத்துக்கொண்டாலும் ஊர் அவர்களைப் பொறுக்குமா என்னும் அச்சத்தையும் இவ்வெதிர்ப்பில் கணக்கிடவேண்டும்.

இனிப் பெயருக்கு வருவோம். ஹென்றி ஆல்பிரட் என்று புதுப்பெயர் பெற்றபின்னும் அவர் கிருஷ்ண பிள்ளையாகவே வாழ்ந்தார். அப்பெயராலேயே 1900இல் மறைந்தார். கண்ணனின் பெயரும் குடிப்பட்டமும் அவரை விட்டு நீங்கவில்லை. ‘பிள்ளை’ என்னும் பட்டத்தைச் சபைக்குள்ளும் காத்தது பற்றிச் சாதியை ஒழிக்க விரும்பிய மறைபணியாளர்கள் பலர் மகிழ்ந்திருக்கமாட்டார்கள். அக்குறை நியாயமானதே. நாம் இங்கே காட்ட விரும்புவது தலைப்பெழுத்தை. தமிழர் வழக்கில் பெயரின் முன் நிற்கும் எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். சிலர்க்கு ஊரையும் குறிக்கும். அவ்வழக்குப்படி அவர் ‘ச. கிருஷ்ண பிள்ளை’ ஆகவேண்டும். ஆனால் தமிழுலகம் அறிந்தது எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையை. ஞானஸ்நானப் பெயர் தந்தையின் இடத்தில் சென்று அமர்ந்துகொண்டது. இட்ட பெயரோ இருந்த இடத்திலேயே இருந்தது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க மற்றொரு தலைப்பெழுத்து உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர் தாமோதரம் பிள்ளை. தந்தை வைரவநாதர் கிறித்தவர். மகனும் கிறித்தவராக வளர்ந்து, வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, சார்லஸ் வின்சுலோ என்னும் பெயரைத் தாங்கினார். பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பால் சென்னைக்கு வந்து ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தினார்; சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகவும் விளங்கினார். பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பினார். இங்கே தந்தையின் சபையை விட்டு நீங்கியவர் மகன். ‘சி. டபிள்யூ.’ என்னும் அவர் தலைப்பெழுத்துகள் ‘சி.வை.’ ஆயின, சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்று பொருளும் பெற்றன. தந்தையின் சமயத்தை நீங்கியவர் தந்தையின் பெயரைத் தலையில் ஏற்றுக்கொண்டார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றி நமக்களித்த பெருமகனை நாம் இன்றும் அவ்வெழுத்துகளாலேயே அறிகின்றோம்.

கிருஷ்ண பிள்ளையும் சென்னையில் பெர்சிவலைச் சார்ந்து பணியாற்றியவரே. ஒரே பாதிரியாரின் அருகில், சில ஆண்டு இடைவெளியில், ஒருவர் சபையை நோக்கியும் மற்றொருவர் சபையினின்றும் நடந்தனர். அதே பெர்சிவலோடு முன்னர் யாழ்ப்பாணத்தில் இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்தவர் ஆறுமுக நாவலர். அவர் விவிலியத் தமிழைத் திருத்தினார். தம் சமயத்தினின்று ஓர் அடியும் பெயரவில்லை. நூலோடு பழகினாலே மனம் மாறிவிடும் என்று நம்பியோரும் அஞ்சியோரும் நாவலரை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கிருஷ்ண பிள்ளையின் பெருநூல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களால் ஆயது. ஜான் பனியன் ஆங்கிலத்தில் இயற்றி 1678இல் வெளியிட்ட ‘பரதேசியின் மோட்சப் பயணம்’ அதன் மூலம். பனியனும் அரசுத் திருச்சபைக்குப் புறம்பான ஒரு சிறு சபையில் சேர்ந்தவர். அனுமதியின்றிப் போதித்தமைக்காகப் பெட்போர்டு நகரச் சிறையில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் கிடந்தவர். அவர் மனைவி எலிசபெத்து நீதிபதிகள் முன் சென்று கணவருக்காக மன்றாடினார். வீட்டில் பார்வையற்ற மகள் ஒருத்தியும் இருந்தாள். நம்பிக்கையின் விலையைக் குடும்பம் செலுத்துகிறது என்பதைச் சிறைக்குள்ளிருந்து உணர்ந்தவர் எழுதிய நூல் அது.

அந்நூலின் தொடக்கக் காட்சியை அறியாதார் இரார். தன் நகரம் அழியப்போகிறது என்று அறிந்த ஒருவன் முதுகில் சுமையோடு ஓடத் தொடங்குகிறான். மனைவியும் மக்களும் திரும்பி வருமாறு பின்னின்று அலறுகின்றனர். அவன் விரல்களால் செவிகளை அடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் ஓடுகிறான். மயிலாப்பூரின் தொலைவும் அவ்விரல்களும் ஒரே வேலையைச் செய்தன என்று நமக்குத் தோன்றுகிறது. கிருஷ்ண பிள்ளை காப்பியமாக்க எத்தனையோ கிறித்தவப் பொருள்கள் இருந்தன. அவர் தேர்ந்தது, வீட்டை விட்டு ஓடும் ஒருவனின் கதை.

காட்சி அயலது, அதனைச் சொல்லக் கிடைத்த மொழியோ முழுவதும் வீட்டு மொழி. விருத்தப்பாவின் நடை கம்பனுடையது. பருவம், படலம் என்னும் பகுப்பு தமிழ்க் காப்பிய மரபினது. இடையிடையே வரும் இசைப்பாக்களுக்குத் தேவாரம் என்றே பெயர். இறைவனை இரட்சகன் என்றும், அவன் அடியே அடைக்கலம் என்றும் பேசுதல் வைணவ இல்லத்தில் பிறந்தவர்க்கு மழலையிலேயே வாய்த்த மொழி. சபை தந்த சொற்களும் வீடு தந்த சொற்களும் எங்கே தைக்கப்பட்டன என்று அந்நூலில் தையலைத் தேடிக் காண்பது கடினம்.

இங்குதான் நாம் சொல்லவந்த கருத்தின் நடு இருக்கிறது. வீட்டை மீறிச் செல்வதற்கான மொழியை அவருக்கு ஆங்கில நூல் மட்டும் கற்பிக்கவில்லை. வீடே முன்பு கற்பித்திருந்தது. கம்பனின் இரணியன் வதைப் படலத்தை எண்ணுக. தந்தை தன் பெயரை ஓதச் சொல்கிறான். மகன் நாராயணன் பெயரையே ஓதுகிறான். பெற்ற தந்தையின் ஆணையைச் சமயத்தின் பொருட்டு மறுத்த சிறுவனை வைணவ இல்லங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் மல்கப் போற்றின. அப்படலத்தை இராவணனுக்கு எடுத்துரைப்பவனாகக் கம்பன் அமைத்ததோ வீடணனை. அவனும் தமையனையும் குலத்தையும் விட்டு இராமனிடம் சென்று சேர்ந்தவன். அச்செயலைக் கூறும் படலத்துக்கு ‘வீடணன் அடைக்கலப் படலம்’ என்று பெயர். சரணாகதி நெறிக்கு வைணவ ஆசிரியர்கள் காட்டும் தலையாய சான்றும் அவனே. குடும்பத்தைத் துறந்து இறைவனிடம் சேர்வதே மேலான செயல் என்னும் வாதம் கரையிருப்பின் திண்ணையிலேயே கேட்கத்தக்கதாக இருந்தது.

மறுதரப்பு வாதமும் அதே நூலில் உண்டு. வீடணன் வந்து அழைத்தபோது கும்பகருணன் மறுக்கிறான். தமையன் செய்தது பிழை என்று அவனுக்கும் தெரியும். இராமன் வெல்வான் என்றும் தெரியும். தெரிந்தும், வளர்த்து உணவிட்டவனை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிப் போர்க்களத்தில் மடிகிறான். தமிழ் மரபு வீடணனைப் பழிக்கவில்லை, கும்பகருணனையும் கைவிடவில்லை. பட்டிமன்ற மேடைகளில் இன்றுவரை அவ்விருவரையும் வைத்து வழக்காடி, தீர்ப்பை நடுவரின் மனப்போக்குக்கு விடுகின்றோம். கிருஷ்ண பிள்ளையின் வீட்டில் 1858இல் நடந்ததும் அவ்வழக்கின் ஒரு வடிவமே. இராமன் இருந்த இடத்தில் ஏசு வந்ததுதான் வீட்டாருக்குப் பொறுக்கவில்லை. செல்லுதலும் தடுத்தலும் அவர்கள் அறிந்த செயல்கள்.

கம்பனிடம் கற்ற புலவருக்கு மற்றொரு காட்சியும் நினைவில் இருந்திருக்கும். நகர்நீங்கு படலத்தில் இராமன் அயோத்தியை விட்டு நீங்குகிறான். ஊரே அழுகிறது. ஆயினும் அவன் தந்தையின் சொற்படி நீங்குகிறான், மனைவி உடன்வருகிறாள், தம்பி உடன்வருகிறான். பனியனின் பயணியோ யார் சொல்லுக்கும் மாறாக, தனியே ஓடுகிறான். வீட்டை நீங்குதல் தமிழ்க் காப்பிய மரபுக்குப் புதிதன்று. செவியை அடைத்துக்கொண்டு நீங்குதல் புதிது.

சொல்லாய்வு ஒன்றையும் இடையே குறிப்பிடல் வேண்டும். சீடனாக விரும்புவோன் தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் ‘வெறுக்க’ வேண்டும் என்னும் கருத்து லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. எபிரேய வழக்கில் ஒன்றைவிட மற்றொன்றைக் குறைவாக நேசித்தலையும் அவ்வாறு சொல்லுவர் என விவிலிய உரையாளர்கள் விளக்குவர். தமிழில் மொழிபெயர்த்தோர் ‘வெறு’ என்றே பெயர்த்தனர். அச்சொல் தமிழ்ச் செவிக்குச் சுடுசொல். தன் மகன் படிக்கும் நூலில் இவ்வரியை யாரேனும் காட்டக் கேட்ட ஒரு தந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! உறவில் எழுந்த பகையின் ஒரு கூறு மொழிபெயர்ப்பினால் நேர்ந்தது என்றே கருதுகின்றோம். தொல்காப்பிய உரியியலில் ‘வெறுப்பு’ என்பதற்குச் செறிவு என்று பொருள் கூறப்பட்டிருப்பது இங்கு நினைவுக்கு வருகிறது. அப்பழம்பொருள் அத்தந்தைக்கு உதவியிராது. இலக்கணம் கற்றோருக்கு ஒரு வியப்பாக மட்டும் நிற்கட்டும்.

இதுவரை சென்றவரைப் பற்றிப் பேசினோம். நின்றவர் குரல் எங்கே? கிருஷ்ண பிள்ளை தாம் கிறித்தவரான வரலாற்றைத் தாமே எழுதிவைத்தார். அவர் தாயும் மனைவியும் அந்நாளில் என்ன கூறினர் என்பதை அவர்தம் வாய்மொழியாக நம் இலக்கிய வரலாறுகள் நமக்குத் தருவதில்லை. அவ்விடத்தை நிரப்ப நாம் மராத்தி நாட்டில் பிறந்த இரு பெண்மணிகளிடம் செல்லவேண்டியிருக்கிறது.

ஒருவர் இலட்சுமிபாய் திலக். கணவர் நாராயண வாமன திலக் மராத்தியின் சிறந்த கவிஞர், பார்ப்பனக் குடியினர். 1895இல் பம்பாயில் கிறித்தவரானார். இலட்சுமிபாய் மகனோடு சுற்றத்தாரிடம் சென்று சில ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தார். பின் கணவரிடம் திரும்பி வந்தும் உடனே சமயம் மாறவில்லை. தனியே சமைத்து, தனியே நீர் எடுத்து, தன் ஆசாரத்தைக் காத்தார். பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டு என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தானே கரைந்தபின், 1900இல் ஞானஸ்நானம் பெற்றார். 1930களில் வெளிவந்த அவருடைய ‘ஸ்மிருதி சித்ரே’ என்னும் தன்வரலாறு மராத்தி உரைநடையின் மணிகளுள் ஒன்று. அந்நூலில் அவர் தம்மைத் துறவியாகவோ தியாகியாகவோ காட்டிக்கொள்வதில்லை. கணவரின் பிடிவாதத்தையும் தம் பிடிவாதத்தையும் ஒருங்கே நகைத்து எழுதுகிறார். பெரும் பிரிவு ஒன்றை இத்துணை நகைச்சுவையோடு எழுத இயலுமா என்று படிப்போர் வியப்பர். அத்தகைய நூல் நெல்லைத் தமிழில் கிடைத்திருந்தால் நம் உரைநடை வரலாறும் சிறிது மாறியிருக்கும்.

மற்றவர் கிருபாபாய். 1862இல் அகமதுநகரில் பிறந்தார். சாமுவேல் சத்தியநாதன் என்னும் தமிழ்க் கிறித்தவரை மணந்து சென்னைக்கு வந்தார். 1894இல் இளமையிலேயே மறைந்தார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘சகுணா’ என்னும் புதினம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்து, அவர் மறைவுக்குப்பின் 1895இல் நூலாயிற்று. தம் பெற்றோர் சபையில் சேர்ந்த வரலாற்றை அதில் புனைவாக்குகிறார். தந்தை அரிபந்து கற்றவர், எண்ணி முடிவெடுக்கிறார். தாய் இராதாவுக்கு அம்முடிவில் பங்கில்லை. கணவனைத் தொடர்வதே மனைவியின் அறம் என்று அவர் கற்றிருந்த பழைய நெறியே அவரைப் புதிய சபைக்குக் கொண்டு சென்றது. சாதி நீக்கத்தை அஞ்சி நடுங்கியவர், உற்றார் முகம் காணாத வளாகத்தில், அயலார் நடுவே வாழப் பழகவேண்டியிருந்தது. மகளாகிய ஆசிரியர் தாம் பெற்ற கல்வியும் உரிமையும் அப்பயணத்தின் பயனே என்று அறிந்தவர். அறிந்தும், தாயின் மருட்சியை மறைக்காமல் எழுதினார். அதனாலேயே அந்நூல் நமக்கு அரிய சான்றாகிறது.

சென்றவரின் நூலில் பயணம் பாடப்படுகிறது. நின்றவரின் நூலில் தண்ணீர்க் குடமும் அடுப்பும் பேசப்படுகின்றன. எந்தச் சாத்திரம் மெய் என்று இலட்சுமிபாய் முதலில் கேட்கவில்லை. யார் கைத் தண்ணீரைக் குடிப்பது என்று கேட்டார். அதற்கு விடை கிடைத்தபின் மற்றவை எளிதாயின.

பனியன் தம் நூலுக்கு இரண்டாம் பகுதி ஒன்றை 1684இல் எழுதி வெளியிட்டார். முதற்பகுதியில் பின்னின்று அலறிய மனைவி அதில் தலைவியாகிறாள். கணவன் ஆற்றைக் கடந்து மறைந்தபின், அவனைத் தடுத்ததை எண்ணி வருந்துகிறாள். நான்கு மைந்தரையும் அழைத்துக்கொண்டு, அண்டைவீட்டுப் பெண்ணொருத்தி துணைவர, அதே வழியில் புறப்படுகிறாள். அண்டை அயலார் அவளையும் தடுக்கின்றனர். அவள் எவர் செவியையும் அடைக்கவில்லை. தன் செவியையும் அடைத்துக்கொள்ளவில்லை. மைந்தர் நடக்கும் வேகத்துக்கு நடக்கிறாள், வழியில் தங்கிப் பிணி நீங்கிச் செல்கிறாள். கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் முதற்பகுதியைத் தழுவியது. பயணி நகரை அடைந்ததும் அது நிறைவுறுகிறது.